பன்வேல்

போடிநாயக்கனூரில் இருப்பவனுக்குக் கடல் என்பது மலைக்கு அப்பாலிருந்து வரும் மேகம்தான். இங்கே உட்கார்ந்து ஒரு படகின் சரித்திரம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம்.

இந்தியக் கடலோரக் காவல் படை 1977 பிப்ரவரியில் தற்காலிக அமைப்பாகத் தொடங்கியபோது, கடற்படை அதற்குக் கொடுத்தவை கிர்பான், குத்தார் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களும் ஐந்து ரோந்துப் படகுகளும். பாம்பன், பூரி, புலிகாட் (நம் பழவேற்காடுதான்), பனாஜி, பன்வேல். பாம்பனும் பழவேற்காடும்தான் என்னை முதலில் இழுத்தன. ஆனால் நின்றுவிட்டது பன்வேலில்.

1971 டிசம்பர் 10. வங்கத்து ஆற்றில் குல்னாவை நோக்கிப் பன்வேல் போகிறது. கூடவே முக்தி வாகினியின் பத்மா, பலாஷ். அடையாளத்துக்கு மஞ்சள் நிறம் காட்டியிருந்தும் நம் விமானங்களே எதிரியென்று எண்ணித் தாக்கின. பத்மாவும் பலாஷும் மூழ்கின. பலாஷின் இயந்திரப் பணியாளர் ரூஹுல் அமீன் அன்று இறந்தார். வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருது பின்னர் அவருக்கு. பன்வேல், தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தது. அதன் தலைவர் நொரோனாவுக்கு மகாவீர் சக்ரா.

விருதில் குறை காண நான் யார்? வெற்றிக் கதைகளில் குண்டு யாருடையது என்பது மட்டும் அவசரமாகச் சொல்லப்படுகிறது. கடலில் விழுந்தவனைத் தூக்குவது காவல் படையின் வேலை. அந்தப் படை பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே பன்வேல் அதைச் செய்துவிட்டது. ஆற்றில், நம்மால் அடிபட்டவர்களுக்கு.