பெயருக்குள் இருந்த சித்தி

பெர்லினில் 1917-இல் பிறந்த சார்லட் சாலமனுக்கு அந்தப் பெயர் சித்தியிடமிருந்து வந்தது. 1913-இல், இளம் வயதிலேயே தண்ணீரில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்ட சித்தி அவர். அந்தப் பெயரைச் சுமந்து வளர்ந்த பெண்ணிடம் இதை யாரும் சொல்லவில்லை.

சார்லட்டுக்கு எட்டு வயதானபோது அம்மா ஃப்ரான்சிஸ்கா இறந்தார். காய்ச்சல் என்றார்கள். நான் வானத்துக்குப் போய்விட்டால் அங்கே எப்படி இருக்கிறது என்று கடிதம் எழுதி ஜன்னலில் வைக்கிறேன் என அம்மா முன்பே சொல்லியிருந்தாளாம். குழந்தை அந்த ஜன்னலைப் போய்ப் போய்ப் பார்க்கிறாள். சார்லட் பின்னாளில் வரைந்த ‘வாழ்க்கையா? நாடகமா?’ என்ற நூலில் இந்தக் காட்சி இருக்கிறது. நூல் பிறந்த இடமே அந்த ஜன்னல்தான் என்று எனக்குத் தோன்றும்.

யூதரான அப்பா ஆல்பெர்ட் அறுவை மருத்துவர். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் எரிந்தபோது அவரைப் பிடித்து சாக்சன்ஹவுசன் முகாமில் அடைத்தார்கள். அவர் மீண்டு வந்ததும், மகளைத் தெற்கு பிரான்சில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். அங்கே 1940 மார்ச்சில் பாட்டியும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாட்களில்தான் தாத்தா உண்மையைச் சொன்னார்: உன் சித்தி, உன் அம்மா, பாட்டியின் பிறந்த வீட்டில் இன்னும் சிலர், எல்லோரும் இப்படித்தான் போனார்கள். சார்லட்டுக்கு அப்போது 22 வயது. வெளியே போர், உள்ளே இந்தச் செய்தி. சில மாதங்களில் தாத்தாவோடு கூர்ஸ் முகாமிலும் அடைபட்டுத் திரும்பினார்.

தெற்கு பிரான்சின் வில்ஃப்ரான்ஷ் ஊர் மருத்துவர் மொரிதி, வரை என்றார். தானும் அந்த வரிசையில் போய்ச் சேர்வதா, இல்லை, இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்து பார்ப்பதா என்ற கேள்விக்கு சார்லட் வரைந்துதான் பதில் சொன்னார். கடலோரத்தில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்துக்கொண்டார். வரையும்போது ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பார் என்று விடுதி நடத்திய பெண்மணி பின்னர் நினைவுகூர்ந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் என்ற மூன்று நிறங்களைக் கலந்தே எல்லாவற்றையும் தீட்டினார். 1,300-க்கும் மேற்பட்ட தாள்கள் தீட்டி, அவற்றில் 769-ஐத் தேர்ந்து எண்ணிட்டு அடுக்கினார். முதல் பகுதியில், படத்தின்மேல் ஒட்டிய மெல்லிய ஒளிபுகும் தாளில் பேச்சும் கதையும் எழுதியிருக்கிறது. எந்த இடத்தில் எந்த மெட்டு ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. போகப்போக ஒட்டுத்தாள் மறைந்து, எழுத்து தூரிகையால் படத்தின்மேலேயே ஏறுகிறது. கோடுகளில் அவசரம் கூடுகிறது. நேரம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘கிராஃபிக் நாவல்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் இருந்தன. ஒரே தாளில் பல காட்சிகள், ஒரே முகம் பத்துப் பதினைந்து முறை அடுக்கிவர அதன் பேச்சு கீழே ஓடுவது, தன்னையே வேறு பெயரில் பாத்திரமாக்கித் தள்ளி நின்று பார்ப்பது என எல்லாம் இங்கே இருக்கின்றன. நாஜிக் காலத்து யூதப் பெண்ணின் கதை என்றால் முகாமிலிருந்து தொடங்கும் என்றே எதிர்பார்க்கிறோம். சார்லட் தொடங்குவது சித்தியிடமிருந்து. முதல் படம் 1913, இரவு, தண்ணீரை நோக்கி நடக்கும் பெண். தான் பிறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பு வீட்டார் மூடிவைத்ததைத்தான் அவர் முதலில் திறந்தார்.

மௌனம் அத்தோடு தீரவில்லை. தாத்தாவுக்குத் தானே விஷம் கொடுத்ததாக 1943-இல் சார்லட் எழுதிய நீண்ட கடிதப் பகுதி, பல பத்தாண்டுகளுக்குப் பிறகே வாசகர் கைக்கு வந்தது.

அந்த ஆண்டே படங்களைக் கட்டி, இது என் வாழ்வு முழுதும், பத்திரமாக வைத்திருங்கள் என்று மொரிதியிடம் ஒப்படைத்தார். அகதியாக வந்திருந்த அலெக்சாண்டர் நாக்லரை மணந்தார். செப்டம்பரில் இருவரையும் பிடித்துச் சென்றார்கள். அக்டோபரில் அவுஷ்விட்ஸில் சார்லட் கொல்லப்பட்டார். வயது 26, வயிற்றில் குழந்தை.

ஹாலந்தில் ஒளிந்திருந்து பிழைத்த அப்பாவும் அவருடைய இரண்டாம் மனைவி பௌலாவும் 1947-இல் அந்தக் கட்டைப் பெற்றார்கள். 1971-இல் ஆம்ஸ்டர்டாமின் யூத வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்தார்கள். அதன் கடைசிப் படத்திலும் தண்ணீர்தான். கரையில் மண்டியிட்டு, நமக்கு முதுகு காட்டியபடி, ஒரு பெண் கடலைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறாள். நூலின் பெயர் அவள் முதுகில் எழுதியிருக்கிறது.