வாய்ச்சொல்லும் பதிவேடும்: பணியிடக் காயத்தைத் தெரிவிக்கும் கடமையின் வரலாறு

பணியிடத்தில் அடிபட்டவர் அதை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்துக்குள் கடமையாக நுழையவில்லை. இழப்பீடு கேட்பதற்கான முன்நிபந்தனையாக நுழைந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, விபத்து நடந்தபின் இயன்ற விரைவில் அறிவிப்புத் தரப்படாவிட்டால் ஆணையர் முன் கோரிக்கை நிற்காது என்றது. சொல்லாதவருக்கு அபராதமில்லை, பணம் கிடைக்காது, அவ்வளவே. விபத்தை அரசுக்குத் தெரிவிப்பது வேறு கிளை. அது 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து முதலாளியின் பொறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் பின்வரும் சிக்கல் தொடங்குகிறது.

10-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அறிவிப்பில் இருக்க வேண்டியவற்றைச் சொன்னது: காயமுற்றவரின் பெயர், முகவரி, விபத்து நடந்த தேதி, காயத்தின் காரணம். காரணத்தைச் ‘சாதாரண மொழியில்’ சொன்னால் போதும். இந்தச் சொற்றொடர் இந்தியாவில் பிறந்ததன்று. பிரிட்டனின் 1880-ஆம் ஆண்டு முதலாளிகள் பொறுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இருந்தது. அங்கிருந்து 1897-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்துக்கும், பிறகு கடல்கடந்து 1923-க்கும் வந்தது. வக்கீல் நடை வேண்டாம் என்பதே அதன் முதற்பொருள். ஆனால் அந்தச் சலுகை எழுத்துக்குள்தான் செல்லுபடியானது. ஆறு வாரங்களுக்குள் அறிவிப்புத் தரச் சொன்ன 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மில்வால் கப்பல்துறை நிறுவனத்துக்கு எதிரான கீன் வழக்கில் (1882) லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவிப்பு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மொழி எளிதாக இருக்கலாம். தாள் மட்டும் கட்டாயம்.

கல்கத்தாவில் இதே சொற்றொடர் இன்னொரு பொருளையும் ஏற்கிறது. யாருடைய சாதாரண மொழி? ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளில் இந்தி, உருது, ஒடியா, வங்காளம், தெலுங்கு பேசியவர்கள் ஒரே கூரையின்கீழ் வேலைபார்த்தார்கள். ‘மதராசி’ என்று ஆலைக்காரர்கள் குறித்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர். தமிழர்கள் நகரின் தெற்கே, ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் பக்கம் குடியேறினார்கள். அவர்களில் பலர் குமாஸ்தா, சுருக்கெழுத்து, கணக்கு வேலைகளில் இருந்தவர்கள். ஆலையில் எழுத்துவேலை பார்த்தவரின் மொழி ஆங்கிலம். அடிபட்டவரின் மொழி அதுவன்று. இந்த இடைவெளியைச் சட்டம் கவனித்ததா என்பது அதன் சொற்களிலிருந்து விளங்காது.

இங்கே வரலாற்றாய்வாளர் தீபேஷ் சக்கரவர்த்தியின் வாசிப்பை எதிர்கொள்ளாமல் மேலே செல்ல முடியாது. 1983-இல் ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ இரண்டாம் தொகுதியில் வெளிவந்து, 1989-இல் ‘ரீதிங்கிங் வொர்க்கிங்-கிளாஸ் ஹிஸ்டரி’ நூலில் இடம்பெற்ற கட்டுரையில் அவர் ஒரு கூரிய கேள்வியை எழுப்பினார். இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையை மார்க்ஸ் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளைக் கொண்டே எழுதினார். கல்கத்தாச் சணல் ஆலைகளுக்கு அத்தகைய ஆவணங்கள் ஏன் இல்லை? முதலாளித்துவ ஒழுங்கு பதிவேட்டை வேண்டுவது. கல்கத்தாவிலோ ஆளெடுத்து, வேலைவாங்கி, கையூட்டும் வாங்கிய சர்தாரின் அதிகாரம் நடுவே நின்றது. ஆகவே பதிவேடுகள் உருவாகவில்லை, உருவானவையும் நம்பத்தக்கவையல்ல என்பது அவர் விடை. ஆவணத்தின் இன்மையை அவர் ஓர் அதிகாரப் பண்பாட்டின் தடயமாக வாசித்தார்.

வருகைப் பதிவேடு, கூலிப் பட்டியல் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்த வாசிப்பு வலுவானது. பொய்ப்பெயர்களும் இல்லாத ஆட்களும் நிறைந்த பதிவேடுகளைப் பற்றி அவர் காட்டிய சான்றுகளை மறுக்க எதுவுமில்லை. காய அறிவிப்புக்கு அதை நீட்டித்தால்தான் இடறுகிறது. முதலாவது, வருகைப் பதிவேடு மேலிருந்து எழுதப்படுவது. காய அறிவிப்போ கீழிருந்து வர வேண்டியது. முன்னதன் இன்மைக்குச் சொல்லும் காரணம் பின்னதற்குத் தானாகப் பொருந்தாது. இரண்டாவது, எழுத்துக்குப் பதில் வாய்ச்சொல்லை நம்பியது கல்கத்தாவின் தனிப்பண்பு என்றால், எழுத்து வேண்டும் என்று 1882-இல் லண்டனில் ஏன் தீர்ப்பு எழுத நேர்ந்தது? தேம்ஸ் கரையிலும் வாய்ச்சொல் போதுமா என்ற வாதம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அடிபட்டவர் முதலில் அருகிலிருப்பவரிடம்தான் சொல்வார். அதற்கு முதலாளித்துவத்துக்கு முந்திய பண்பாட்டைத் துணைக்கழைக்கத் தேவையில்லை.

மூன்றாவது வாதத்துக்குச் சான்று குறைவு. எனினும் முக்கியமானது அதுவே. 2025 வரை நடைமுறையில் இருந்த வடிவில் 10-ஆம் பிரிவு, முதலாளியோ, தொழிலின் ஏதேனும் ஒரு கிளையை நிர்வகிக்கும் பொறுப்பை அவரிடம் ஏற்றிருப்பவரோ விபத்தைப் பற்றி வேறு வழியில் அப்போதே அறிந்திருந்தால், அறிவிப்பு இல்லாதது தடையாகாது என்றது. தாள் இல்லாவிட்டாலும் ‘அறிந்திருத்தல்’ போதும் என்பதே இதன் சாரம். சர்தார் இந்த வரையறைக்குள் வருவாரா? நிர்வாகப் பொறுப்பு என்ற சொல்லைக் கண்டிப்பாகப் படித்தால் வரமாட்டார். நடைமுறையில் அந்தப் பகுதியை ஓட்டியவர் அவர்தான் என்று பார்த்தால் வருவார். இரண்டாம் வாசிப்பே பொருத்தமானது என்று தோன்றுகிறது. அப்படியானால் சர்தார் ஆவணத்தைத் தடுத்தவர் மட்டுமல்லர். அவர் காதில் விழுந்த சொல்லே சட்டத்தின் பார்வையில் ஆவணத்துக்கு ஈடானது. இது பிரிவின் சொற்களிலிருந்து பெறும் ஊகமே, தீர்ந்த முடிவன்று.

இந்த ஊகத்துக்கு வலுச்சேர்ப்பது 1950-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) பொது ஒழுங்குவிதிகளின் 65-ஆம் விதி. காப்பீடு பெற்ற தொழிலாளி காயத்தை எழுத்திலோ வாய்மொழியாகவோ தெரிவிக்கலாம். அவருக்காக வேறொருவரும் தெரிவிக்கலாம். முதலாளியிடம் மட்டுமல்ல, தம்மை மேற்பார்க்கும் ஃபோர்மனிடமும் சொல்லலாம். 66-ஆம் விதிப்படியான விபத்துப் புத்தகத்தில் உரிய விவரம் எழுதப்பட்டாலும் அதுவே அறிவிப்பு. 1882-இன் தீர்ப்பு இங்கே தலைகீழாகிறது. ஏற்கெனவே ஆலைகளில் இருந்த வழக்கத்தை விதி ஏற்றுக்கொண்டதா, புதிய வழக்கத்தைத் தொடங்கியதா என்பதை விதியின் வாசகம் காட்டாது. சக்கரவர்த்தியின் ஆய்வுக்காலம் 1940-உடன் முடிகிறது என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். 1950-இன் விதியை அவர் கணக்கில் எடுக்காதது குறையாகாது. முன்நிபந்தனை கடமையாக மாறுவதும் இவ்விதியில்தான்: காயமுற்றவர் அறிவிப்புத் தர வேண்டும் என்று அது நேரடியாகவே பணிக்கிறது.

அறிவிப்புத் தந்ததும் மறுபக்கக் கடிகாரமும் ஓடத் தொடங்கியது. இழப்பீட்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, அறிவிப்புக் கிடைத்த 3 நாட்களுக்குள் முதலாளி இலவச மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் தொழிலாளி உட்பட வேண்டியிருந்தது. மறுத்தால் இழப்பீட்டு உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. கோரிக்கைக்கான காலவரம்பு அச்சட்டத்தின் கடைசி வடிவில் 2 ஆண்டுகள்.

லேக் மார்க்கெட்டை இந்த வரலாற்றில் வைத்துப் பார்த்தால் வேறொரு ஓட்டை தெரிகிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எழுத்தர் வேலையை விலக்கியிருந்தது. ஆகவே, சட்டத்தை ஆங்கிலத்தில் படித்து அறிவிப்பை ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்யக்கூடிய மயிலாப்பூர், கும்பகோணத்துக் குமாஸ்தாவுக்கு அந்த அறிவிப்பால் பயனில்லை. பயன் இருந்தவருக்கு எழுத்து இல்லை. எழுத்தர்களை விலக்கிய சொற்களை 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அது 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது ‘தொழிலாளர்’ என்ற பெயரும் ‘பணியாளர்’ என்று மாறியது.

சந்தையை ஒட்டிய கடைகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. காப்பிக்கொட்டை அரைக்கும் கடையில் இரண்டு மூன்று பேர்தான் வேலைபார்ப்பார்கள். மின்சாரத்தில் இயங்கும் இடமானாலும் 10 பேர் இல்லையென்றால், 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்படவில்லை. இழப்பீட்டுச் சட்டம் சொன்ன அறிவிப்புப் புத்தகமும் அரசு குறிப்பிட்ட வகை முதலாளிகளுக்கே உரியதாக இருந்தது. ‘மிஷின்ல விரல் மாட்டிக்கிச்சு’ என்று ஒருவர் கல்லாவில் இருப்பவரிடம் சொன்னால், சாதாரண மொழியில் காரணம் சொல்லியாயிற்று. தேதியும் பெயரும் முகவரியும் கேட்டவருக்கே தெரியும். 10-ஆம் பிரிவு கேட்டவற்றில் எழுத்தைத் தவிர வேறெதுவும் குறையவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம், 2020, பணியாளரின் கடமைகளை 13-ஆம் பிரிவில் பட்டியலிடுகிறது. பாதுகாப்பற்ற நிலைமை கண்ணில் பட்டாலே இயன்ற விரைவில் முதலாளிக்கோ பாதுகாப்பு அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. காயத்துக்குப் பின் எழுந்த கடமை காயத்துக்கு முன்பே தொடங்குகிறது. ஆனால் இச்சட்டம் பொதுவாக ‘நிறுவனம்’ என்று கொள்வது 10 பேரும் அதற்கு மேலும் வேலைபார்க்கும் இடத்தையே. காப்பிக்கொட்டைக் கடை அந்த எண்ணிக்கைக்கு வெளியேதான் நிற்கிறது.