திணை அறிந்து அடுக்குதல்: பள்ளி நூலகமும் கதை வகைகளும்

அகநானூற்றுப் பாட்டு ஒன்றின் எண்ணை மட்டும் சொன்னால் போதும்; பாட்டைப் பார்க்காமலே அதன் திணையைச் சொல்லிவிடலாம். எண் ஒற்றைப்படையாக இருந்தால் பாலை. இரண்டிலோ எட்டிலோ முடிந்தால் குறிஞ்சி. நான்கில் முடிவது முல்லை, ஆறில் முடிவது மருதம். பத்து, இருபது, முப்பது என்று சுழியில் முடிவதெல்லாம் நெய்தல். நானூறு பாட்டில் பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, மற்ற மூன்றுக்கும் நாற்பது நாற்பது. தொகுத்தவர் உருத்திரசன்மர் என்பது மரபு. நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டுகிற எண் என்ன வேலை செய்ய வேண்டுமோ, அதைப் பனையோலைக் காலத்திலேயே செய்து முடித்திருக்கிறார்கள். பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது, எந்த உணர்வைப் பாடுகிறது என்ற இரண்டையும் அந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது.

மற்றத் தொகைகளில் வேறு வழிகளும் உண்டு. நான்கு முதல் எட்டு அடிவரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு என்று நீளம் பார்த்துப் பிரித்தார்கள். கலித்தொகையும் பரிபாடலும் பா வகையால் தனித்து நின்றன. ஐங்குறுநூற்றிலோ திணைக்கு நூறு பாட்டு, நூற்றுக்கு ஒரு புலவர். ஒரே பொருளை எத்தனை விதமாக அடுக்கலாம், எந்த அடுக்கு யாருக்கு உதவும் என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்த மரபு நம்முடையது. அந்த யோசனை நம் பள்ளி நூலகங்களுக்குள் இன்னும் வந்து சேரவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பல பள்ளிகளில் புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டின் வரிசையிலேயே பீரோவுக்குள் நிற்கின்றன. முதல் தட்டில் 1 முதல் 100 வரை, அடுத்த தட்டில் 101 முதல் 200 வரை. தணிக்கைக்கு வருபவருக்கு இது வசதி. ஒன்று குறைந்தால் உடனே தெரிந்துவிடும். பொறுப்பாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் அவர் பீரோவைப் பூட்டி வைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வரிசையில் அருகருகே நிற்கும் இரண்டு புத்தகங்களுக்கு இடையே உள்ள ஒரே உறவு, இரண்டும் ஒரே பார்சலில் வந்தன என்பதுதான். திருக்குறள் உரைக்கும் வேதியியல் வினாத்தொகுப்புக்கும் நடுவே ஒரு சிறுவர் நாவல் அகப்பட்டுக்கொண்டால், அதைத் தேடி எந்தப் பிள்ளை வரும்?

பிள்ளைகள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை நூலகப் பாடவேளையில் வந்து ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “பேய்க் கதை இருக்கா மிஸ்?” “சிரிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க சார்.” “போன வாரம் படிச்சேன்ல, அதே மாதிரி இன்னொண்ணு வேணும்.” மூன்றுமே வகையைக் கேட்கும் கேள்விகள். இவற்றில் மூன்றாவது மிக முக்கியம். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்து, அந்தச் சுவை நாக்கில் இருக்கும்போதே அடுத்ததைத் தேடி ஒரு குழந்தை வருகிறது. அந்த நேரத்தில் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை அடுத்த வாரமும் கேட்டு வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நூலகவியல் படித்தவர்கள் உடனே டூயி தசமப் பகுப்பைச் சொல்வார்கள். மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட அந்த முறை, அறிவுத்துறை நூல்களுக்கு இன்றைக்கும் அருமையான முறைதான். 598-இல் பறவைகள் என்றால், பறவை பற்றிய நூல் ஒன்றைக் கண்ட பிள்ளை மற்றவற்றையும் அங்கேயே காணும். தமிழ்க் கதைகளிடம் வரும்போது அது நம்மைக் கைவிடுகிறது. இலக்கியத்துக்கான 800-இல், 810 தொடங்கி 880 வரை அமெரிக்க, ஆங்கில, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்பானிய, இலத்தீன், கிரேக்க இலக்கியங்கள் இடம் பிடித்துக்கொண்டன. மீதி உலகம் முழுவதும் 890-க்குள் அடங்க வேண்டும். அதனால் தமிழ் இலக்கியம் 894.811 ஆயிற்று, நாவலும் சிறுகதையும் 894.8113. தமிழ்வழிப் பள்ளியின் கதை அலமாரியில் புத்தகத்துக்குப் புத்தகம் இதே ஏழு இலக்கம்தான். எல்லா முதுகிலும் ஒரே எண் இருந்தால், அந்த எண் எதையுமே பிரித்துக் காட்டவில்லை என்று பொருள்.

நாட்டுப்புறக் கதைகளுக்கு 398.2. அது சமூக அறிவியல் வகுப்பு. இலக்கியத்திலிருந்து ஐந்து வகுப்பு தள்ளி இருக்கிறது. இராமாயணத்தை உரைநடையில் சொன்னால் 294.5922, சமயம். அதையே கம்பர் பாடினால் 894.8111, கவிதை. ஆக, தெனாலிராமன் ஓர் அலமாரியில், இராமன் வேறோர் அலமாரியில், மரியாதைராமன் மறுபடி தெனாலிராமன் பக்கத்தில். ஆய்வாளருக்கு இதில் நியாயம் தெரியும். கதை கேட்டு வரும் குழந்தைக்கு மூன்றும் கதை.

சரி, எண்ணை விட்டு ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் அடுக்கலாமே என்றால், தமிழில் அதற்கும் தனிச் சிக்கல் உண்டு. கி. ராஜநாராயணனைத் தேடுகிற பிள்ளை ‘கி’யில் பார்ப்பதா, ‘ரா’வில் பார்ப்பதா? ‘இரா’ என்று அச்சிட்ட பதிப்பு எங்கே போகும்? கிரந்த எழுத்துகள் வரிசையின் கடைசியில் வருவதால், ஜெயகாந்தன் வண்ணநிலவனுக்கும் பின்னால் நிற்பார். வாண்டுமாமா கௌசிகன் என்ற பெயரிலும் எழுதியவர். பெரியவர்களே தடுமாறும் வரிசையில் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தக் கூடாது.

எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நகராது. 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933-இல் கோலன் பகுப்பையும் தந்தார். இலக்கியத்தை மொழி, வடிவம், ஆசிரியர் பிறந்த ஆண்டு என்று அவர் அடுக்கியதால், 1899-இல் பிறந்த கல்கிக்குச் சற்றுத் தள்ளி 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன் வந்து நிற்பார். இலக்கிய வரலாறு படிப்பவருக்கு இதைவிட நல்ல அடுக்கு கிடையாது. பள்ளிப் பிள்ளைக்கு ஆசிரியர் பிறந்த ஆண்டு எப்படித் தெரியும்? ஆனால் அவருடைய ஐந்து விதிகளில் மூன்று எனக்கு இங்கே வழிகாட்டுகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. பள்ளி நூலகத்தின் கதைப் பகுதியில் இந்த மூன்றையும் நிறைவேற்றுவது வகை அடுக்குதான் என்பது என் துணிபு.

வெளிநாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அரிசோனா மாநிலத்துக் கில்பர்ட்டில் 2007-இல் திறந்த பெர்ரி கிளை நூலகம் டூயி எண்ணை முற்றாக விட்டுவிட்டுப் புத்தகக் கடை முறையில் பொருள்வாரியாக அடுக்கியது. 2011-இல் நியூயார்க்கின் எதிக்கல் கல்ச்சர் பள்ளி நூலகர்கள், குழந்தைகள் தேடும் விதத்தை ஒட்டி மெட்டிஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். வேறு பல பள்ளிகள் அவ்வளவு தூரம் போகவில்லை. கதைகளை மட்டும் வகைப்படுத்திவிட்டு, அறிவு நூல்களை எண்ணிலேயே விட்டன. நமக்கு ஏற்றது அதுதான். வகைப் பெயர்களை மட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டாம். அங்கே மாயப் புனைவுக்கு ஓர் அறையே தேவைப்படும். நம்மிடம் குவிந்திருப்பவை நாட்டுப்புறக் கதை, ராஜா கதை, விலங்குக் கதை, வரலாற்று நாவல்.

தொல்காப்பியச் செய்யுளியல் எழுவகை யாப்பைச் சொல்கிறது: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். பிசி என்ற விடுகதைக்கும் முதுசொல் என்ற பழமொழிக்கும் நெடும்பாட்டுக்குச் சமமான தனி இடம் கொடுத்த பகுப்பு இது. நம் பள்ளிகளில் விடுகதைப் புத்தகங்கள் ‘இதர நூல்கள்’ என்ற தட்டில் கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் ‘பிசி’ என்று எழுதிய ஒரு பெட்டியில் முன்வரிசையில் வைத்துப் பாருங்கள். வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் முதலில் கை வைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு வரி படித்தாலே பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிடலாம் அல்லவா!

பெட்டி என்றதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்ச் சிறுவர் நூல்களில் பெரும்பகுதி 16, 24, 32 பக்கம் கொண்டவை. நடுவில் பின் அடித்தவை. அவற்றுக்கு முதுகே கிடையாது. ஏழு இலக்கத்தை எங்கே ஒட்டுவது? அலமாரியில் செருகினால் கோடு மாதிரித் தெரியும். தடித்த புத்தகங்களுக்கு நடுவில் வளைந்து உள்ளே போய்விடும். ஆழமில்லாத பெட்டியில் அட்டை முன்பக்கம் தெரியும்படி நிறுத்திவைத்தால், பிள்ளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கும். அட்டை மூலையில் வகையின் முதலெழுத்தும் ஒரு சிறு படமும் போதும்: ‘து’ என்ற எழுத்தோடு உருப்பெருக்கிக் கண்ணாடி என்றால் துப்பறியும் கதை. வெறும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நிறம் வெளுக்கும்; சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் வருகின்றன. வாசிக்கப் பழகும் பருவத்துக்கு அது நல்ல ஏற்பாடு. பெயர்களும் பிள்ளையை முன்னால் அழைக்கும் பெயர்கள். ஆனால் நூலகம் முழுவதையும் படிநிலையால் பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். மெதுவாக வாசிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தட்டுக்கு முன்னால் போய் நிற்க மாட்டான். அவனுடைய மானம் விடாது. துப்பறியும் கதைகளின் அடுக்கில் மெலிந்ததும் தடித்ததும் சேர்ந்தே நிற்கும். அவன் மெலிந்ததை எடுத்தான் என்பதை யாரும் கவனிக்கப் போவதில்லை. வகை அடுக்குக்காக நான் வாதாடுவதற்கு முதற்காரணமே இந்தப் பையன்தான்.

எந்த வகையிலும் அடங்காத புத்தகங்கள் வரும். ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். பெயரைப் பார்த்தால் வேதாளக் கதை, உள்ளே இருப்பது அறிவியல். அவருடைய ‘ஆயிஷா’ இன்னும் சிக்கலானது. ஓர் ஆசிரியை தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்த கதை. கேள்வி கேட்ட ஒரு மாணவியின் துயரம் அதில் இருக்கிறது. அதை அறிவியலில் வைப்பதா, சோகக் கதையில் வைப்பதா? பள்ளிக்கூடக் கதைகள் என்று ஓர் அடுக்கை உண்டாக்கி அதில்தான் வைக்க வேண்டும் என்பேன். அந்தக் கதைக்குரிய வாசகர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். மாணவர் மட்டுமல்ல, ஆசிரியரும். ஐயம் வந்தால் இரண்டு படி வாங்கி இரண்டு அடுக்கிலும் வைக்கலாம். பணம் இல்லையென்றால் இரண்டாம் இடத்தில் ஓர் அட்டையைச் செருகி, புத்தகம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். பேய்க் கதை கேட்ட பிள்ளை பேய்க் கதை அடுக்கைவிட்டு நகரவே நகராது. வேறு புத்தகம் தற்செயலாகக் கண்ணில் படும் வாய்ப்பு போய்விடும் என்பது அது. உண்மைதான். அதனால் அடுக்குகளின் அக்கம்பக்கத்தை யோசித்து அமைக்க வேண்டும். பேய்க் கதைக்குப் பக்கத்தில் நாட்டுப்புறக் கதை, துப்பறியும் கதைக்குப் பக்கத்தில் அறிவியல் புனைவு, வரலாற்றுக் கதை முடியும் இடத்தில் வரலாறு. ‘பார்த்திபன் கனவு’ படித்தவர் கை நீட்டினால் பல்லவர் வரலாறு தட்டுப்பட வேண்டும். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது: பெண்பிள்ளைகளுக்கான கதை, ஆண்பிள்ளைகளுக்கான கதை என்று தட்டுப் பிரிப்பது.

வேலையைத் தொடங்குவோருக்கு ஒரு செய்தி தைரியம் தரும். பதிவேட்டில் உள்ள சேர்க்கை எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அது அப்படியே இருக்கட்டும். ‘அடுக்கு’ என்று ஒரு பத்தியை மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதும், தணிக்கைக்குக் குறை வராது. தொடக்கத்தில் எட்டு அல்லது பத்து வகைக்கு மேல் வேண்டாம். புத்தகங்களைத் தரையில் பரப்பி, பிள்ளைகளையும் உட்காரவைத்து, முதல் நான்கு பக்கம் படித்துப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகம் சிரிப்புக் கதை என்பதில் அவர்களுடைய தீர்ப்பு நம்முடையதைவிட நம்பத்தக்கது. ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டும். ஆண்டு முடிவில் வழங்கு பதிவேட்டைப் பார்த்து, அசையாமல் கிடக்கும் அடுக்கைக் கலைத்து வேறோர் இடத்தில் அமைக்க வேண்டும்.

இப்படி அடுக்கிய அன்றே இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வரும். எந்த அடுக்கு மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பல பள்ளிகளில் சிறுவருக்கான தமிழ் அறிவியல் புனைவும் பள்ளிக்கூடக் கதையும் ஒரு பெட்டிக்குக்கூடத் தேறாது. நீதிக்கதைகள் தட்டுத் தட்டாக இருக்கும். விழாக்களின்போது முன்னாள் மாணவர்கள் அன்போடு புத்தகம் வாங்கித் தருகிறார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே ஐந்து படி இருக்கும் நூலின் ஆறாவது படியாக அது அமைந்துவிடுகிறது. இதை வாசிக்கும் முன்னாள் மாணவர்கள், கடைக்குப் போகுமுன் பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, எந்த அடுக்கு காலியாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போகும்படி வேண்டிக்கொள்கிறேன்.