ஞானோபதேச வகுப்பு வந்த கதை



நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் கணக்கு, அறிவியலோடு ஞானோபதேசமும் ஒரு பாடவேளை. அதன் வேர் முத்துக்குளித்துறையில் இருக்கிறது. 1542-இல் அங்கு வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழாக்கச் செய்து சிறுவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டாருக்கும் சொல்லச் சொன்னார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, அன்றிக் அடிகளார் மொழிபெயர்த்த 16 பக்க ஞானோபதேச நூல்தான்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு, சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளைக்கும் சமயப் போதனை கூடாது என்றது 28-ஆம் பிரிவு.

அதனால்தான் சிலர் ஞானோபதேசத்துக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் போனீர்கள். “ஏன் டீச்சர் பிரிக்கிறீங்க?” என்று அன்று கேட்டீர்களே, உங்கள் மனசாட்சிக்குச் சட்டம் தந்த மரியாதை அது. அடுத்த கணக்கு வகுப்பில் எல்லோரும் ஒரே பெஞ்சில்தானே உட்கார்ந்தீர்கள்!