நஹர் தந்த பெயர்: நேரு குடும்பப் பெயரின் தடம்

குடும்பப் பெயர் குருதி வழியைக் காட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. நேரு என்னும் பெயர் காட்டுவதோ ஒரு வாய்க்காலை.

1936இல் வெளியான தன்வரலாற்றில் ஜவாஹர்லால் நேரு தம் குடும்ப மரபைப் பதிவு செய்துள்ளார். அதன்படி, வடமொழியிலும் பாரசீகத்திலும் புலமை பெற்ற காஷ்மீரப் பண்டிதர் ராஜ் கௌல், ஏறத்தாழ 1716இல், பேரரசர் ஃபரூக்சியரின் ஆதரவு பெற்றுத் தில்லியில் குடியேறினார். அவருக்கு ஜாகீருடன் வாய்க்கால் கரையில் ஒரு வீடும் கிடைத்தது. வாய்க்காலைக் குறிக்கும் அரபு மூலச் சொல் 'நஹர்'. அதனால் குடும்பம் கௌல்-நேரு எனப்பட்டது. நாளடைவில் கௌல் உதிர, நேரு நிலைத்தது.

காஷ்மீரப் பண்டிதரிடையே இது விந்தையன்று. அவர்தம் குடும்பப் பெயர்கள் பல, முன்னோர் ஒருவருக்கு வழங்கிய பட்டப்பெயரின் எச்சமே என்று வால்டர் லாரன்ஸ் 1895இலேயே எழுதினார்.

எனினும் மரபுரை வேறு, ஆவணம் வேறு. ஃபரூக்சியரின் ஆட்சிக்காலம் 1713 முதல் 1719 வரை. ஆதலால் ஆண்டு பொருந்துகிறது. ஆனால் ஆண்டுப் பொருத்தம் மட்டுமே சான்றாகிவிடாது. 1857க்குச் சற்று முன்வரை தில்லியின் கொத்துவாலாக இருந்த கங்காதர் நேருவின் குடும்பம், கிளர்ச்சியின்போது ஆக்ராவுக்குத் தப்பியது. குடும்ப ஏடுகளும் பத்திரங்களும் அழிந்தன. 1861இல் கங்காதர் மறைந்தார். மூன்று திங்கள் கழித்தே மோதிலால் பிறந்தார். தந்தையின் வாய்மொழியும் மகனுக்கு எட்டவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் வதந்திகள் முளைத்தன. முகலாய அரசவை உடையும் வளைந்த வாளுமாகக் கங்காதர் தோன்றும் சிற்றோவியம் ஒன்றைப் பேரனே குறிப்பிடுகிறார். அவ்வுடை அவர் வாழ்ந்த அரசவைச் சூழலின் அடையாளம், மதத்தின் சான்றன்று. பெயர் வசித்த இடத்தால் வந்ததுபோல், உடை வகித்த பதவியால் வந்தது.

அரித்வாரப் பண்டாக்கள் பேணும் 'வஹி' ஏடுகளிலும் ஒரு குடும்பத்தைத் தேடுவோர் முதலில் சொல்ல வேண்டியது பூர்விக ஊரை. பெயர் மாறும், ஊரைப் பற்றிக்கொண்டே தலைமுறைகளை எண்ண முடியும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு குலத்தை முடிவுகட்டுவது வரலாறு ஆகாது.