கொல்கத்தா கால்பந்து ரசிகர் பிரிவுகள்

கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கால்பந்து கிளப்புகளைச் சார்ந்து வளர்ந்த ரசிகர் கூட்டங்கள் இவை. ஆங்கிலேயர் ஆட்சி, மத அரசியல், நாட்டுப் பிரிவினை ஆகியவை வங்காளத்தில் ஏற்படுத்திய பிளவுகளை இவற்றின் வரலாற்றில் காணலாம்.

தோற்றம்

மோகன் பகான் 1889-இல் தொடங்கப்பட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என வென்றது. வென்றவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். ஆள்பவரைத் தோற்கடிக்க முடியும் என்ற நம்பிக்கையை அந்த வெற்றி மக்களுக்குத் தந்தது.

1891-இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. முஸ்லிம் அரசியல் வலுப்பெற்றுவந்த அக்காலத்தில், வங்காள முஸ்லிம்கள் அவ்வெற்றிகளைத் தங்கள் சமூகத்தின் எழுச்சியாகவே கண்டனர்.

பிரிவினைக்குப் பின்

ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1 அன்று, கிழக்கு வங்காளத்தவர் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்ற மனக்குறையிலிருந்து பிறந்தது. 1947-க்குப் பின் வீடு, நிலம், ஊர் எல்லாவற்றையும் இழந்து கொல்கத்தாவுக்கு வந்த அகதிகளுக்கு, பறிபோன மண்ணின் பெயரைத் தாங்கிய இந்த கிளப் ஒரு முகவரியாயிற்று. மேற்கு வங்காளத்துப் பூர்வகுடிகளான ‘கோட்டி’கள் மோகன் பகானையும், கிழக்கிலிருந்து வந்த ‘பாங்கால்’கள் ஈஸ்ட் பெங்காலையும் ஆதரிப்பது குடும்ப வழக்கமானது. இந்தப் பகை சமையலறை வரை நீண்டது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் பாங்கால் வீடுகளில் ஹில்சா மீன் குழம்பு. மோகன் பகான் வென்றால் கோட்டி வீடுகளில் இறால்.

ஆனால் இந்த எல்லைக்கோடு ஆடுகளத்தில் இறங்கிய வீரர்களைப் பிரிக்கவில்லை. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ எனக் கொண்டாடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர்கள்.

பிற நாடுகளில்

ஜோர்டானில் பாலஸ்தீன அகதி முகாமில் பிறந்த அல்-வஹ்தாத், நாட்டின் பூர்வகுடிகள் போற்றும் அல்-ஃபைசலி ஆகிய கிளப்புகளின் போட்டியும் இத்தகையதே. ஸ்காட்லாந்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் கிளப்புகள் அயர்லாந்தின் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிளவைச் சுமக்கின்றன.

வன்முறையும் ஒற்றுமையும்

1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன் மைதானத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மோதிக்கொண்டனர். நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். போட்டி பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பாத அந்த நாளின் நினைவாக, ஆண்டுதோறும் ரத்ததான முகாம்கள் நடக்கின்றன.

2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களின்போது, இந்த மண்ணை ரத்தம் சிந்திப் பெற்றோம், காகிதம் காட்டிப் பெறவில்லை என்ற பொருள்படும் பதாகையை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மைதானத்தில் விரித்தனர். அகதிகளின் பேரப்பிள்ளைகளிடமும் பிரிவினையின் காயம் ஆறாதிருந்தது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் போட்டி, பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. அன்று சால்ட் லேக் மைதானத்தின் வெளியே மூன்று கிளப்புகளின் ரசிகர்களும் தத்தம் கொடிகளுடன் ஒன்றாக நின்று நீதி கேட்டனர்.