சர்க்கரையில் செய்த பெண்

2014 மே மாதம், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இடிபடக் காத்திருந்த டொமினோ சர்க்கரை ஆலைக்குள் காரா வாக்கர் என்ற கறுப்பினப் பெண் கலைஞர் ஒரு சிலை வைத்தார். 75 அடி நீளம், 35 அடி உயரம். எகிப்தின் ஸ்பிங்ஸ் போலப் படுத்திருக்கும் கறுப்பினப் பெண். தலையில் சமையல்காரிகள் கட்டும் துணி, உடம்பில் ஒன்றுமில்லை. உள்ளே தெர்மாகோல், மேலே டன் கணக்கில் வெள்ளைச் சர்க்கரை. சர்க்கரையை இலவசமாகக் கொடுத்தது டொமினோ நிறுவனமே. இதைச் சொல்லாமல் வாக்கரைப் புகழ்வது நேர்மையாகாது.

இடைக்கால ஐரோப்பாவில் அரச விருந்துகளில் சர்க்கரையால் கோட்டையும் மிருகமும் செய்து வைப்பார்கள். ரசித்துவிட்டுத் தின்பார்கள். ‘சப்டில்டி’ என்று பெயர். அதையே வாக்கர் தன் சிலைக்கும் வைத்தார்.

தின்னப்பட்டது யார்? கரீபியத் தீவுகளின் ஆலைகளில் உருளைக்குள் கரும்பைச் செருகும் அடிமையின் கை சிக்கிக்கொண்டால் வெட்டியெடுக்க, பக்கத்திலேயே கோடரி வைத்திருந்தார்கள். தோட்டங்களில் பிறந்தவர்களைவிடச் செத்தவர்கள் அதிகம். காலியான இடத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து புதிய ஆட்களை வாங்கினார்கள். 1791இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் இங்கிலாந்தில் ஒரு துண்டறிக்கை போட்டார். இத்தனை சர்க்கரை தின்றால் இத்தனை மனித மாமிசம் தின்றதாக அர்த்தம் என்று எடை போட்டே கணக்குக் காட்டினார். ஏராளமான குடும்பங்கள் சர்க்கரையை நிறுத்தின.

அடிமை முறை ஒழிந்ததும் முதலாளிகள் நம் பக்கம் திரும்பினார்கள். மொரீஷியசுக்குப் போனார்கள் நம் மக்கள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் நேட்டாலுக்குக் கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அந்தக் கப்பல்களின் ஆள் பட்டியல்களில் சாதியும் எழுதப்பட்டது. பறையர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். சேரியை விட்டுத் தப்பிக்கக் கடல் தாண்டியவர்களுக்கு அங்கேயும் கிடைத்தது வெயிலும் சாட்டையும்தான். ஆனாலும் பலர் திரும்பி வரவில்லை. ஏன் வரவேண்டும்?

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்கரின் சிலையைப் பார்த்தார்கள். பலர் அதன் மார்பையும் பிறப்புறுப்பையும் பிடிப்பதுபோல் நின்று சிரித்துப் படம் எடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடம்பு எந்த ஊரிலும் பொதுச்சொத்துதான் போலும். வாக்கர் கோபப்பட்டுக் கத்தவில்லை. பார்க்க வந்தவர்களையே படம்பிடித்து, அதைத் தனிப் படைப்பாக்கிக் காட்டினார்.

சுற்றிலும் கூடை சுமந்து நின்ற சர்க்கரைச் சிறுவர்கள் வெயில் காலத்துச் சூட்டில் உருகி, கைகால் உடைந்து, தரையில் பாகாய் ஓடினார்கள். ஜூலை 6இல் கண்காட்சி முடிந்தது, சிலையைப் பிரித்துப்போட்டார்கள். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விரல்களுக்கிடையே கட்டைவிரலை நுழைத்து மடக்கிய அந்த முஷ்டி 2017இல் கிரேக்கத்தின் ஹைட்ரா தீவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வைத்த இடம், ஒரு பழைய கசாப்புக்கூடம்.